கேளுங்கள், கேட்கலாம்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இண்டி ராக் பற்றியவை. அதனால் மீதியை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இளையராஜா ரசிகர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

இண்டி ராக், இண்டி ராக் என்கிறார்களே, அது என்ன தனி ரகமான இசையா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

முதலில் அது இசை ரகமே இல்லை. இண்டி என்பது ‘இண்டிபென்டென்ட்’ என்பதன் சுருக்கம், சுயேச்சை என்று பொருள். ரெக்கார்டு போட யார் பணம் கொடுத்தார்கள் என்கிற விவகாரம். பகலில் ஆடிட்டர் அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறவன் என்பதால் எனக்கு இந்த விளக்கம்தான் பிடிக்கும். பெரிய இசைக் கம்பெனிகளின் வாசலில் காத்திருக்காமல், கடைக்காரர்களும் நண்பர்களும் தாங்களே காசு போட்டு ரெக்கார்டு வெளியிட்டார்கள். லண்டனில் ஜெஃப் டிராவிஸ் 1976இல் ரஃப் டிரேட் என்று ஒரு ரெக்கார்டுக் கடை திறந்தார். 1978இல் அதே பெயரில் ஒரு லேபிள், அதாவது ரெக்கார்டு வெளியிடும் கம்பெனி. தி ஸ்மித்ஸ் என்ற குழுவின் பாட்டெல்லாம் அங்கே வெளிவந்ததுதான்.

1986இல் என்.எம்.இ. என்ற இங்கிலாந்துப் பத்திரிகை 22 சின்னக் குழுக்களின் பாடல்களை ‘சி86’ என்று ஒரே கேசட்டாகப் போட்டது. ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் இண்டி என்றால் இப்படித்தான் ஒலிக்கும் என்ற எண்ணம் வந்தது: கிணுகிணுக்கும் கிட்டார், மெருகேற்றாத குரல், கொஞ்சம் கூச்சம். இன்றைக்குப் பெரிய கம்பெனியில் இருப்பவர்களையும் இண்டி என்றுதான் சொல்கிறார்கள். சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

செயலியில் ஒரு குழுவைக் கேட்டால், அதே மாதிரி இன்னும் நாற்பது குழுக்களைக் காட்டுகிறது. எல்லாம் ஒன்று போலவே இருக்கின்றன. உண்மையிலேயே புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– மென்பொருள் ஊழியர், கோவை

உண்டு. ரெக்கார்டின் பின்னட்டையைப் படியுங்கள். பாட்டைப் பாடியவர் பெயரை விட்டுவிட்டு, வெளியிட்ட லேபிள் எது, ஒலிப்பதிவு செய்தவர் யார், விருந்தாளியாக வந்து ஆர்கன் வாசித்தவர் யார் என்று பாருங்கள். செயலி உங்கள் பழக்கத்தை வைத்துத் தேடுகிறது. லேபிள் நடத்துகிறவரோ தன் சொந்தக் காசை வைத்துத் தேடுகிறார். யார் கண் கூர்மையாக இருக்கும்?

எனக்குப் பிடித்த உதாரணம் நியூசிலாந்து. தென்கோடியில் டனீடன் என்று ஒரு குளிரான பல்கலைக்கழக ஊர். அங்கே ஹேமிஷ் கில்கோர், டேவிட் கில்கோர் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர், ராபர்ட் ஸ்காட் என்று ஒரு பேஸ் கிட்டார்காரர். மூவரும் சேர்ந்தால் தி கிளீன். கிறைஸ்ட்சர்ச்சில் ரெக்கார்டுக் கடையில் வேலை பார்த்த ரோஜர் ஷெப்பர்ட் 1981இல் ஃப்ளையிங் நன் என்று ஒரு லேபிள் தொடங்கினார். தி கிளீனின் ‘டாலி ஹோ’ பாட்டைப் பதிவு செய்ய நூறு டாலர்கூட ஆகவில்லை. அது நியூசிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதல் இருபதுக்குள் போய் உட்கார்ந்தது! முதலீட்டுக்கு இப்படி ஒரு வரவை நான் எந்த வாடிக்கையாளரின் பேரேட்டிலும் பார்த்ததில்லை.

இப்போது பின்னட்டை வேலை. ‘டாலி ஹோ’வில் துள்ளுகிற அந்த ஆர்கனை வாசித்தவர் மார்ட்டின் ஃபிலிப்ஸ். அவருடைய குழு தி சில்ஸ். தி கிளீனின் அடுத்த இ.பி.யை (நாலைந்து பாட்டுள்ள சின்ன ரெக்கார்டு) தன் நான்கு டிராக் டேப் கருவியில் பதிவு செய்தவர் கிறிஸ் நாக்ஸ் என்ற இசைக்காரர். 1982இல் தி சில்ஸ், ஸ்னீக்கி ஃபீலிங்ஸ், தி ஸ்டோன்ஸ், தி வெர்லெய்ன்ஸ் நான்கு குழுக்களையும் ஒரே இரட்டை ரெக்கார்டில் பதிவு செய்ததும் அதே நாக்ஸ்தான். ராபர்ட் ஸ்காட் தனியே போய் தி பேட்ஸ் தொடங்கினார். ஆக, ஒரு பாட்டைப் பிடித்து இழுத்தால் ஆறேழு குழுக்கள் வந்து விழுகின்றன. ஒன்று போல இன்னொன்று இல்லை: தி வெர்லெய்ன்ஸ் படித்த பிள்ளைகளின் படபடப்பு, தி பேட்ஸ் மாலைச் சோம்பல்.

இன்னும் இழுங்கள். தி கிளீனின் தொகுப்பு ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட்ட லேபிள் மெர்ஜ். அது வட கரோலினாவில் சூப்பர்சங்க் குழுவின் மேக் மெக்காகனும் லாரா பாலன்ஸும் 1989இல் தொடங்கியது. நியூட்ரல் மில்க் ஹோட்டல், தி மேக்னெடிக் ஃபீல்ட்ஸ், ஆர்கேட் ஃபயரின் முதல் ஆல்பம், எல்லாம் அதே வீட்டுச் சரக்கு. இந்த ஒரு வாரக் கேட்டலுக்கு எந்த அல்காரிதமும் தேவைப்படவில்லை.

நீங்கள் சொல்லும் அந்த நியூசிலாந்துப் பாடல்களில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். நேரமில்லை.
– வங்கி ஊழியர், ஈரோடு

தி சில்ஸின் ‘பிங்க் ஃப்ராஸ்ட்’. 1984. தொடக்கத்தில் குதூகலமாக ஒரு கிட்டார் ஓடும், ஏமாந்துவிடாதீர்கள். சட்டென்று இருட்டும். காதலி அசைவில்லாமல் கிடக்கிறாள், அவன் தான் என்ன செய்தேன் என்று திகைக்கிறான். அந்தப் பாட்டில் டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் புல், ரெக்கார்டு வெளிவருவதற்கு முன்பே ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். அவருக்கே அதைச் சமர்ப்பித்தார்கள். தன் லெதர் ஜாக்கெட்டை அவர் ஃபிலிப்ஸுக்கு விட்டுச் சென்றார். அந்த ஜாக்கெட்டைப் பற்றியும் தி சில்ஸுக்கு ஒரு பாட்டு உண்டு. அது நல்ல இரைச்சலான, குதிக்கிற பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க எட்டு நிமிடம் போதும், ஈரோட்டில் அதற்காவது நேரம் இருக்கும்.

பாதிப் பாடல்களில் வரிகளே புரிவதில்லையே, சார்?
– வாசகர், விருதுநகர்

ஆர்.இ.எம். குழுவின் ‘மர்மர்’ 1983இல் வந்தது. மைக்கேல் ஸ்டைப் அதில் என்ன முணுமுணுக்கிறார் என்று அமெரிக்கர்களே இன்னும் தகராறு செய்துகொண்டிருக்கிறார்கள். நாம் ஏன் அவசரப்பட வேண்டும்?

நான் நண்பர்களுக்கு நிறைய பாடல்கள் அனுப்புகிறேன். யாருமே கேட்பதில்லை. ‘சூப்பர் மச்சி’ என்று பதில் மட்டும் வருகிறது.
– பொறியியல் மாணவர், சேலம்

நிறைய அனுப்புகிறீர்கள், அதுதான் சிக்கல். அறுபது பாட்டுள்ள பட்டியலை அனுப்பினால் வாங்குகிறவருக்கு அது வீட்டுப்பாடம். ஒருவருக்கு ஒரு பாட்டு. அதுவும் குரூப்பில் வேண்டாம், தனியாக. ஏன் அவருக்கு என்று ஒரு வரி எழுதுங்கள்: ‘உனக்கு டிரம்ஸ் பிடிக்குமே, ஒன்றரை நிமிடத்துக்கு அப்புறம் கவனி.’ ‘வாழ்க்கையை மாற்றும் ஆல்பம்’ என்றெல்லாம் எழுதாதீர்கள். யாருக்கும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாழ்க்கையை மாற்றிக்கொள்ள விருப்பமிருக்காது.

பரிந்துரைப்பதில் என் குரு ஜான் பீல். 1967 முதல் 2004இல் இறக்கும்வரை பி.பி.சி. ரேடியோ 1இல் பாட்டுப் போட்டவர். 1978இல் வட அயர்லாந்தின் டெர்ரியிலிருந்து தி அண்டர்டோன்ஸ் என்ற பையன்களின் ‘டீனேஜ் கிக்ஸ்’ வந்தபோது, அதைப் போட்டு முடித்த கையோடு உடனே இரண்டாம் முறையும் போட்டார். பரிந்துரை என்றால் அதுதான். அந்தப் பாட்டின் ஒரு வரி இப்போது அவருடைய கல்லறைக் கல்லில் இருக்கிறது.

இன்னொன்று. அவர்கள் அனுப்பும் பாட்டையும் நீங்கள் கேட்க வேண்டும். கேட்கிறீர்களா?

ஒரே ஒரு வானொலி சொல்லுங்கள்.
– இல்லத்தரசி, நாகர்கோவில்

சியாட்டிலின் கே.இ.எக்ஸ்.பி. இணையத்தில் இலவசம். பாட்டைப் போடுவது மனிதர்கள், என்ன பாட்டு என்பதும் அவர்கள் தளத்தில் உடனுக்குடன் வந்துவிடும். நீங்கள் தோசை ஊற்றும் இரவு நேரத்தில் அங்கே காலை, நல்ல உற்சாகத்தில் இருப்பார்கள். யூடியூபில் அவர்களுடைய நேரடிப் பதிவுகளையும் பாருங்கள். குழு உண்மையில் வாசிக்கத் தெரிந்ததா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நம்மூரில் யாரும் இல்லையா?
– ஆட்டோ ஓட்டுநர், வடபழனி

ஏன் இல்லை? உங்கள் சென்னையிலேயே தி எஃப்16ஸ் இருக்கிறார்கள், ஆங்கிலத்தில் பாடுகிறவர்கள். தமிழில் வேண்டுமென்றால் கபேர் வாசுகியும் தென்மாவும் சேர்ந்து வாசித்த ‘குரங்கன்’ பாடல்களைத் தேடுங்கள். தென்மா அப்புறம் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பக்கம் போனார். கானா, ராப், ராக் எல்லாம் அங்கே ஒரே மேடையில். டெல்லிப் பக்கம் பீட்டர் கேட் ரெக்கார்டிங் கம்பெனி. பெயர்தான் கம்பெனி, ஆள் குழுதான். அவர்களின் ‘பிஸ்மில்லா’ ஆல்பத்தைக் கடைசி சவாரி முடிந்து வண்டியை ஓரங்கட்டிய பிறகு போடுங்கள். மீட்டர் ஓடும்போது வேண்டாம், கணக்கு தப்பும்.

இலவசமாகவே கேட்க முடிகிறபோது பேண்ட்கேம்ப்பில் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?
– ஆய்வு மாணவர், புதுச்சேரி

பேண்ட்கேம்ப் என்பது குழுக்களும் லேபிள்களும் தங்கள் பாட்டை நேரடியாக விற்கும் இணையதளம். கணக்கைப் பாருங்கள். டிஜிட்டல் விற்பனையில் பேண்ட்கேம்ப் பொதுவாக எடுத்துக்கொள்வது 15 சதவீதம். பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மிச்சம் குழுவுக்கோ அதன் லேபிளுக்கோ போகிறது. 2020 மார்ச்சிலிருந்து, ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ என்று அறிவிக்கும் நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். ஓர் ஆல்பத்தைப் பல முறை கேட்டுவிட்டீர்கள், இன்னும் அலுக்கவில்லை என்றால் வாங்குங்கள். சில குழுக்கள் விலையை உங்களிடமே விட்டுவிடும், ஆய்வு உதவித்தொகை வரும்வரை அவற்றிலிருந்து தொடங்கலாம். வாங்கும் முன் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.