இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்கள் இன்றும் தேவையா?

“உயிருள்ள பறவையைக் கைப்பேசியிலேயே பார்க்க முடியும்போது, பாடம் செய்த உடல்களை ஏன் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த உடல்களின் மதிப்பு பெரும்பாலும் அவற்றோடு கட்டிய சிறு சீட்டில்தான் இருக்கிறது: எங்கே, எந்த நாளில் கிடைத்தது என்ற இரண்டு வரிகள்.

பிரிட்டனில் பொரி வல்லூறு என்னும் வேட்டைப் பறவைகள் குறைந்துவந்தபோது, டெரெக் ராட்க்ளிஃப் என்ற ஆய்வாளர், துளையிட்டு உள்ளீட்டை நீக்கிச் சேமிக்கப்பட்டிருந்த பழைய முட்டை ஓடுகளை எடைபோட்டுப் பார்த்து, 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துபோனதை 1967இல் வெளியிட்டார்; டி.டி.டி. பூச்சிக்கொல்லியே காரணம் என்பது பின்னர் உறுதியானது. அந்த முட்டைகளைச் சேர்த்தவர்கள் யாரும் இப்படி ஒரு பயனை நினைத்திருக்க முடியாது.

அதே வல்லூற்றின் துணையினமான ஷாஹீன், மதுரை மாவட்டம் மேலூர் அருகே அரிட்டாபட்டிக் குன்றுகளில் வாழ்கிறது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது.

முன்பெல்லாம் அருங்காட்சியகம் காட்டும், மக்கள் பார்ப்பார்கள். இப்போது உலகின் பல அருங்காட்சியகங்கள் மாதிரிகளை எண்மமாக்கி, பழைய சீட்டுகளைப் படித்தெழுதும் வேலையில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கின்றன. கொடைக்கானல் செண்பகனூரில் சேசு சபையினர் திரட்டிய பழனிமலை உயிரினத் தொகுப்பைப் பார்க்கப் போகும் நம் பிள்ளைகளுக்கும், விலங்கின் பெயரோடு நில்லாமல் அந்தச் சீட்டைப் படிக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.