நொண்டல் நின்றுவிட்டால் கால் ஆறிவிட்டதா? குதிரைக் கால் காயங்கள்: கேள்வி பதில்

குதிரைகளின் கால் காயம் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். காயம்பட்ட குதிரைகளை மருத்துவர் சொல்படி பராமரித்து மறுபடி வேலைக்குத் தயார் செய்வதுதான் என் தொழில். நான் கால்நடை மருத்துவர் இல்லை, அதனால் மருந்து அளவு மட்டும் கேட்காதீர்கள், அதை உங்கள் குதிரையைத் தொட்டுப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: அக்கா, நேற்று வரை நன்றாக இருந்த குதிரை இன்று காலை ஒரு முன்னங்காலைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்கிறது. வெளியே வீக்கம் இல்லை, காயம் இல்லை. எலும்பு முறிந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

ராத்திரியோடு ராத்திரியாக இப்படி ஆனால் பெரும்பாலும் குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கும். குளம்பு விரிந்து கொடுக்காத ஒரு கூடு, உள்ளே சேரும் சீழுக்குப் போக இடமில்லை, அந்த அழுத்தம்தான் இப்படி வலிக்கிறது. குளம்புக்கு மேலே கணுவின் பின்பக்கம் இரண்டு ஓரங்களிலும் விரலை வைத்துப் பாருங்கள், நாடி திம்திம் என்று தூக்கலாக அடித்து, குளம்பும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. மருத்துவரோ அனுபவமுள்ள லாடக்காரரோ அடிப்பாதத்தில் சரியான இடத்தைத் திறந்துவிட்டால் பல குதிரைகள் அன்றைக்கே காலை ஊன்றும். அப்புறம் சில நாட்கள் எப்சம் உப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, சுத்தமாகக் கட்டி வைக்க வேண்டும். சீழை வெளியேற்றாமல் ஊசி மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் இழுத்துக்கொண்டே போகும்.

ஆனால் எலும்பு முறிவும் முதலில் இதே மாதிரிதான் தெரியலாம், அதனால் மருத்துவர் பார்க்கும்வரை நடக்க வைக்காதீர்கள், நின்ற இடத்திலேயே தண்ணீரும் புல்லும் கொடுங்கள்.

கேள்வி: ஓட்டத்துக்குப் பழக்கிய குதிரை. ஸ்கேனில் முன்னங்காலின் பின்பக்க நாண் (தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு) உள்ளே கிழிந்திருப்பதாகச் சொன்னார்கள். ஆறு வாரம் ஓய்வு கொடுத்தோம். இப்போது வீக்கம் இல்லை, நொண்டவும் இல்லை. ஓட விடலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். குதிரைகள் மறுபடி மறுபடி அதே காலைக் காயப்படுத்திக்கொண்டு வருவது இந்த இடத்தில்தான்.

குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது. எலும்பு, நாண், எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார், தோல், அவ்வளவுதான். ரத்த ஓட்டமும் குறைவு. பாய்ந்து ஓடும்போது அந்தப் பின்பக்க நாண் அறுபடும் எல்லைக்கு மிக அருகே வரை இழுபடுகிறது. கிழிந்த இடத்தில் உடம்பு முதலில் போடுவது அவசரத் தையல் மாதிரியான பலவீனமான நார்கள், அதுவும் தாறுமாறாகக் கிடக்கும். அவை மெல்ல மெல்லத்தான் வலுவான நார்களாக மாறி நாணின் திசையில் வரிசைப்படும், அந்த வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும். வலியும் வீக்கமும் போவது முதல் கட்டம் முடிந்ததைத்தான் காட்டுகிறது, நாண் எடையைத் தாங்கும் என்பதை அல்ல. ஆறு வாரத்தில் குதிரை துள்ளிக் குதிக்கும், உள்ளே நாண் அரைகுறையாக இருக்கும். துள்ளலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஸ்கேனைப் பார்த்து முடிவெடுங்கள்.

பொதுவாக வழி இப்படிப் போகும். முதல் சில நாட்கள் லாயத்தில் முழு ஓய்வு, நாளுக்கு மூன்று நான்கு முறை 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரோ ஐஸோ, நடுவில் பஞ்சு வைத்த கட்டு. முதல் ஸ்கேனை அடிபட்ட அன்றே எடுத்தால் கிழிசல் சின்னதாகத் தெரிந்து ஏமாற்றிவிடும், அது தொடக்க நாட்களில் பெரிதாகக்கூடும், ஆகவே ஒரு வாரம் கழித்து எடுப்பது நல்லது. அப்புறம் கயிற்றில் பிடித்து 5, 10 நிமிடம் நடை, கெட்டியான சமதளத்தில், நேர்கோட்டில். ஆழமான மணலில் வேண்டாம், சின்ன வட்டத்தில் சுற்ற விடவும் வேண்டாம். நேரத்தை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். அது நன்றாக இருந்தால் மூன்று நான்கு மாதத்தில் கொஞ்சம் துள்ளுநடை, அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவிலான மித ஓட்டம். முழு வேகத்துக்குத் திரும்ப 9 முதல் 12 மாதம், பல குதிரைகளுக்கு அதற்கும் மேல்.

அந்த நடையை வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். நார்கள் சரியான திசையில் படிவதே அளவான இழுவையால்தான். முழுக்கக் கட்டிப்போடுவதும் தப்பு, மேய்ச்சலில் அவிழ்த்துவிட்டு "அதுவே ஆறிக்கொள்ளும்" என்பதும் தப்பு.

கேள்வி: இதே காயத்துக்கு பிஆர்பி, ஸ்டெம் செல் ஊசி என்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர் சூடு போடச் சொல்கிறார்.

பிஆர்பி என்பது குதிரையின் சொந்த ரத்தத்திலிருந்து தட்டணுக்களைச் செறிவாக்கி, ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே கிழிசலுக்குள் செலுத்துவது. ஸ்டெம் செல் என்னும் மூல உயிரணுக்களையும் அதே மாதிரிதான் கிழிசலுக்குள் செலுத்துவார்கள். சில குதிரைகளுக்குப் பலன் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன், உங்கள் மருத்துவர் சொன்னால் யோசியுங்கள். ஆனால் எந்த ஊசியும் மேலே சொன்ன மாதங்களைப் பாதியாக்கிவிடாது. சூடு போடுவது வேண்டவே வேண்டாம். தோல் வெந்து வலிப்பதால் குதிரை கட்டாய ஓய்வில் கிடக்கும், ஆறியது அந்த ஓய்வினால்தான். வலியில்லாமலே அந்த ஓய்வைக் கொடுக்கலாமே.

கேள்வி: கம்பியில் கிழித்துக்கொண்டது. பின்னங்காலில் கணுவுக்கு மேலே. மூன்று வாரம் ஆகிறது, புண் மூடாமல் சிவப்பாகச் சதை வெளியே பிதுங்கி வருகிறது.

முழங்காலுக்குக் கீழே உள்ள புண்களில் குதிரைகளுக்கு இது ரொம்ப சகஜம். புண்ணை நிரப்ப வரும் புதுச் சதை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தோல் மட்டத்துக்கு மேலே வளர்ந்துவிடுகிறது, அதன்மேல் தோல் ஏறி மூட முடிவதில்லை. அந்தச் சதையில் நரம்பு கிடையாது, ஆனால் ரத்தம் நிறையக் கொட்டும், ஆகவே வீட்டில் பிளேடு எடுக்காதீர்கள், மருத்துவர் சீவிவிடுவார். மயில்துத்தம், எரிக்கும் பொடிகள், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம், ஓரத்திலிருந்து வளரும் இளந்தோலையும் சேர்த்துக் கருக்கிவிடும். கழுவ ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு போதும். இத்தனை நாள் மூடாவிட்டால் உள்ளே கம்பித்துண்டோ செத்த எலும்புச் சில்லோ இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

டெட்டனஸ் ஊசி போட்டீர்களா? குதிரையைப் போல அந்த நோய்க்கு எளிதில் இரையாகும் வீட்டு விலங்கு வேறில்லை. கடைசியாகப் போட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் காயம்பட்டவுடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, இதைப் படிக்கும் எல்லோருக்கும். மூட்டுக்குப் பக்கத்தில் உள்ள காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அவசரம். மஞ்சளாக, விரலில் ஒட்டி இழுபடும் திரவம் வந்தால் மூட்டு திறந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் குதிரை நொண்டாமல்கூட இருக்கும், திரவம் வெளியேறுவதால் உள்ளே அழுத்தம் இல்லை. ஓட்டை மூடிய பிறகுதான் காலைத் தூக்கும், அதற்குள் கிருமி மூட்டைத் தின்றிருக்கும். அன்றைக்கே மூட்டைக் கழுவினால் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு.

கேள்வி: ஆணி ஏறிவிட்டால் உடனே பிடுங்கலாமா அண்ணி?

மருத்துவர் சீக்கிரம் வருவார் என்றால் பிடுங்காதீர்கள். ஆணியோடு எக்ஸ்ரே எடுத்தால்தான் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சாய்ந்து போயிருக்கிறது என்று தெரியும். மிதித்து இன்னும் ஏறாதபடி ஆணியைச் சுற்றிக் கனமாகப் பஞ்சு வைத்துக் கட்டுங்கள். அப்படியும் ஏறும் என்றால் எடுத்துவிடுங்கள், ஆனால் நுழைந்த இடத்தில் பேனாவால் குறி போட்டு, போட்டோ எடுத்து, ஆணியையும் பத்திரப்படுத்துங்கள். அடிப்பாதத்தின் நடுவில் முக்கோணமாக இருக்கும் மெத்தைப் பகுதியில் ஏறியிருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

கேள்வி: காலையில் இரண்டு பின்னங்கால்களும் வீங்கியிருக்கின்றன, நடக்க வைத்தால் வடிந்துவிடுகிறது.

நின்றே இருந்ததால் நீர் தேங்கியிருக்கிறது, வலியில்லை என்றால் நடையைக் கூட்டுங்கள், போதும். ஒரே காலில் மட்டும் திடீரென்று சூடாக வீங்கி, உடம்புச் சூடு 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது தோலுக்கடியில் கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவர்.

கேள்வி: லாயத்தில் அடைத்து மூன்று வாரம். பைத்தியம் பிடித்தது போலச் சுவரை உதைக்கிறது. என்ன செய்வது?

முதலில் தானியத்தைக் குறையுங்கள். வேலை இல்லாத குதிரைக்குப் பழைய தீவனமே போட்டால் அந்தச் சக்தி வேறெங்கே போகும்? காய்ந்த புல்லைச் சின்னக் கண்ணி வலையில் போட்டு நாள் முழுக்கக் கொறிக்க விடுங்கள். கண்ணில் படும் தூரத்தில் இன்னொரு குதிரை இருந்தால் பாதி ரகளை அடங்கும். அசைவு குறைந்தால் குடலும் மந்தமாகும், அதனால் தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது, சாணி எத்தனை தடவை போடுகிறது என்று தினமும் கவனியுங்கள், குறைந்தால் அது வயிற்றுவலிக்கு அறிகுறியாக இருக்கலாம். நடைக்கு வெளியே எடுக்கும்போது அடங்கவில்லை என்றால் மயக்க மருந்து கேட்பதில் வெட்கம் வேண்டாம், ஒரு பாய்ச்சலில் நாண் மறுபடி கிழிவதற்கு அது எவ்வளவோ மேல்.

கேள்வி: அடிபட்ட காலில் மட்டும் கட்டு போட்டால் போதாதா? எதற்கு நல்ல காலையும் சுற்றுகிறார்கள்?

நல்ல கால்தான் இப்போது இரண்டு காலின் பாரத்தைச் சுமக்கிறது. குளம்பையும் உள்ளே இருக்கும் எலும்பையும் இணைக்கும் மெல்லிய அடுக்குகளுக்கு ரத்தம் சீராகப் போக, காலை மாற்றி மாற்றி ஊன்ற வேண்டும். ஒரே காலில் நாள்கணக்கில் பாரம் விழுந்தால் அந்த அடுக்குகள் பிய்ந்து லாமினைடிஸ் வரும். பார்பரோ என்ற பந்தயக் குதிரையை நினைத்துக்கொள்ளுங்கள். 2006 மே மாதம் கென்டக்கி டெர்பியை வென்று, இரண்டு வாரத்தில் அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்கால் நொறுங்கியது. தகடும் 27 திருகுகளும் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். ஜூலையில் இடது பின்னங்கால் குளம்பில் லாமினைடிஸ் வந்தது, எவ்வளவோ போராடியும் 2007 ஜனவரி 29 அன்று கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. அதனால் நல்ல காலுக்குக் கட்டு, அடிப்பாதத்துக்குத் தாங்கல், ஆழமான மெத்தென்ற படுக்கை, மூன்றும் முதல் நாளிலிருந்தே. நல்ல குளம்பின் சூட்டையும் நாடியையும் தினம் இரண்டு வேளை தொட்டுப் பாருங்கள்.

கட்டு போடும்போது பஞ்சைத் தாராளமாக வையுங்கள், மடிப்பு விழாமல் ஒரே இறுக்கத்தில் சுற்றுங்கள். மெல்லிய துணியை இறுக்கிக் கட்டினால் அந்தக் கட்டே நாணைக் காயப்படுத்தும்.

கேள்வி: வலி மாத்திரை கொடுத்தால் நன்றாக நடக்கிறது. தினம் கொடுத்து வேலை வாங்கலாமா?

கூடாது. வலிதான் அந்தக் காலை இப்போது காவல் காக்கிறது. குதிரைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஃபீனைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து நல்ல மருந்துதான், ஆனால் அளவு மீறினாலோ அதோடு இன்னொரு வலி மருந்தைச் சேர்த்தாலோ குடலிலும் வயிற்றிலும் புண் வரும், சிறுநீரகமும் கெடும். நாம் சாப்பிடும் மாத்திரைகளைக் கொடுக்கவே வேண்டாம். குணம் தெரிய வேண்டுமென்றால், மருத்துவரைக் கேட்டு மருந்தை நிறுத்தி சில நாட்கள் கழித்து, துள்ளுநடைக்கு அனுமதி கிடைத்த பிறகு, கெட்டித் தரையில் நேராகத் துள்ளுநடை போடவிட்டு முன்னாலிருந்து தலையைப் பாருங்கள். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், அதையே மருத்துவருக்கும் அனுப்பிவிடுங்கள்.