மகளின் மெடிசின் விண்ணப்பத்துக்குப் பதில் பார்த்துக் காத்திருக்கும் கழுவாஞ்சிகுடித் தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. மகள் ஒக்டோபரில் இங்கிலாந்தில் நாலு மருத்துவபீடங்களுக்குப் போட்டாள். ஒன்றிலிருந்து இல்லையென்று வந்துவிட்டது, ஒன்று பெப்ரவரியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறது, மற்ற இரண்டிலும் ஜனவரி பிறந்தும் சத்தமில்லை. இது நல்லதா கெட்டதா என்பது முதலாவது. இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்பது மற்றது. கடைசி வரியில், போகிற போக்கில், "பீஸ் பற்றி ஏதோ ஒரு போர்மும் நிரப்பச் சொல்லி வந்திருக்கு, அதைப் பிறகு பார்ப்பம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

பிறகு பார்க்க வேண்டாம். இன்றைக்குப் பாருங்கள். மற்ற இரண்டுக்கும் நான் கீழே பதில் எழுதுகிறேன், ஆனால் உங்கள் வீட்டில் இப்போது அவசரமானது அந்தப் போர்ம்தான்.

அதைக் கொண்டுதான் மகளை "ஹோம்" மாணவியாக எடுப்பதா "ஓவர்சீஸ்" மாணவியாக எடுப்பதா என்று பல்கலைக்கழகம் முடிவு செய்கிறது. ஹோம் என்றால் இங்கிலாந்தில் 2025-26க்கு வருடக் கட்டணம் 9,535 பவுண். அதற்கும் அரசாங்க லோன் உண்டு, வேலை கிடைத்த பிறகு சம்பளத்திலிருந்து கழியும். ஓவர்சீஸ் என்றால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தான் நினைத்த கட்டணத்தைப் போடலாம். மெடிசினுக்கு அது பல மடங்கு. ஆஸ்பத்திரியில் படிக்கும் பின் வருடங்களில் இன்னும் ஏறுகிற இடங்களும் உண்டு. லோன் கிடையாது. அதோடு ஓவர்சீஸ் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிற இடமும் மிகக் கொஞ்சம், போட்டியும் தனி.

உங்கள் விசா எது என்று நீங்கள் எழுதவில்லை. 2023 கடைசியில் கெயார் வேலைக்கு வந்தோம் என்று எழுதியதால் ஸ்கில்ட் வேர்க்கர் விசா, மகள் உங்களுக்கு டிபென்டன்ட், அதாவது உங்கள் விசாவில் தங்கி வந்தவள், என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் விதி இதுதான்: படிப்புத் தொடங்கும் முதல் நாளில் பிள்ளைக்கு நிரந்தர வதிவிடம், அதாவது செட்டில்ட் நிலை, இருக்க வேண்டும், அதற்கு முந்திய மூன்று வருடமும் இந்த நாட்டில் வழமையாக வாழ்ந்திருக்க வேண்டும். அகதியாக ஏற்கப்பட்ட குடும்பங்களுக்கு வேறு விதி, சின்ன வயதிலேயே வந்து ஏழு வருடம் இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு. நீங்கள் அந்த இரண்டிலும் இல்லை என்று நினைக்கிறேன். 2026 செப்டெம்பரில் உங்களுக்கு இன்னும் நிரந்தர வதிவிடம் வந்திராது. ஆகவே மகளை ஓவர்சீஸ் என்றுதான் போடுவார்கள்.

"இங்க பள்ளிக்கூடத்தில ஓசியாத்தானே படிக்கிறாள், நாங்க டெக்ஸ் கட்டுறம்தானே" என்று நீங்கள் சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. இரண்டும் உண்மை, இரண்டும் இந்தக் கணக்கில் சேராது. சிக்ஸ்த் போர்ம் என்கிற ஏ.எல். வகுப்பு ஆசிரியர்களிலும் பலர் இதைக் கவனிப்பதில்லை. அவர்கள் பார்ப்பது பிள்ளையின் மார்க்கை, பாஸ்போர்ட்டை இல்லை.

ஊரிலும் இப்படியொரு கணக்கு இருந்தது, நாங்கள்தான் அதைப் பழகிப்போனோம். ஏ.எல். முடிந்து இசட் ஸ்கோர் என்ற தரப்படுத்திய புள்ளி வந்தால் நாற்பது வீத இடம் முழு இலங்கைத் தரவரிசைக்கு, மிச்சத்தில் பெரும்பங்கு மாவட்டத்துக்கு. மட்டக்களப்புக்கு ஒரு வெட்டுப்புள்ளி, அம்பாறைக்கு ஒன்று, கொழும்புக்கு ஒன்று. ஒரே புள்ளி எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவபீடத்துக்குப் போகும், மற்றது வீட்டிலிருக்கும். எங்கே படித்தது என்பதுதான் வித்தியாசம். அந்த விதி எங்கள் ஊர் டியூசன் வாசலில் நிற்கிற பிள்ளைக்கும் மனப்பாடம். இங்குள்ள விதியை எங்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை, அவ்வளவுதான்.

போர்மை உண்மையாக நிரப்பி அனுப்புங்கள். விசாத் திகதி, வந்த திகதி எல்லாம் அப்படியே. யாரோ ஒருவர் "செட்டில்ட் எண்டு டிக் பண்ணுங்க, ஆர் பாக்கப் போறாங்க" என்று சொல்லுவார். பார்ப்பார்கள், பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்பார்கள். மற்ற இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் மகளின் மின்னஞ்சலிலிருந்தே "என்னை எந்தக் கணக்கில் எடுப்பீர்கள்" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். யுகேசிசா என்று ஓர் அமைப்பு இருக்கிறது, இந்த விதிகளை அதன் இணையப் பக்கத்தில் இலவசமாக விளக்கியிருக்கிறது. மகளுக்கு விளங்கும் ஆங்கிலம்தான், உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். விசா வருடக் கணக்குக்கு மட்டும் முறையான சட்டத்தரணியிடம் போங்கள். ஐந்து வருடத்தில் நிரந்தர வதிவிடம் என்றிருந்ததைப் பத்தாக்கப் போவதாக அரசாங்கம் 2025 மே மாதம் அறிவித்தது. கெயார் வேலைக்காரரை அது எப்படித் தொடும் என்பதை என்னைப் போன்ற ஒருத்தியின் சொல்லை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஓவர்சீஸ் என்றே வந்து, அந்தக் காசும் இல்லையென்றால்? வீட்டை விற்று, தாலிக்கொடியை வைத்து முதல் வருடத்தைக் கட்டிவிடலாம் என்று யோசிக்காதீர்கள். இது ஐந்து வருடப் படிப்பு, சில இடங்களில் ஆறு. இரண்டாம் வருடத்தில் காசு முடிந்து நிறுத்துகிற பிள்ளைக்கு நடப்பது, போகாமலே இருந்ததை விட மோசம். அதை விட, மகள் ஏ.எல்.ஐ நன்றாக முடித்து, ஆஸ்பத்திரியில் ஹெல்த்கெயார் அசிஸ்டன்ட் வேலைக்குச் சேர்ந்து, வதிவிடம் வந்த பிறகு மறுபடி போடலாம். டிபென்டன்ட் விசாவில் வேலை செய்யத் தடையில்லை. யூகேட் என்ற மருத்துவபீட நுழைவுப் பரீட்சையை அந்த வருடம் புதிதாக எழுத வேண்டும், பழைய புள்ளி செல்லாது. ஏ.எல். எடுத்து நாலைந்து வருடம் ஆனவர்களை ஏற்பதில் சில இடங்கள் இறுக்கம், சில இடங்கள் இல்லை. அதை அப்போது பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் தொடங்குவது இங்கே ஒரு குறையே இல்லை. வேறு டிகிரி முடித்துவிட்டு மெடிசின் தொடங்குகிற பிள்ளைகளே ஏராளம். ஊரில்தான் "ரெண்டாந்தரம், மூண்டாந்தரம்" என்று எண்ணுவார்கள்.

சரி, இனி அந்த இரண்டு இடத்தின் மௌனம்.

மௌனத்துக்கு ஒரு பொருளும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் பெறுபேறு, பிறகு ஒரே நாளில் வெட்டுப்புள்ளி. இங்கே நாலு இடமும் நாலு விதமாக நடக்கும். ஓர் இடம் யூகேட் புள்ளியை மேலிருந்து கீழே அடுக்கி, கோட்டுக்கு மேலே நிற்பவர்களை நவம்பரிலேயே கூப்பிடும். இன்னொன்று ஓ.எல்., பள்ளி தந்த எதிர்பார்ப்புப் பெறுபேறு, யூகேட் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டிப் பார்க்கும். உங்கள் மகளைப் போல வெளிநாட்டு ஓ.எல். வைத்திருக்கிற பிள்ளையின் கோப்பைத் தனியாக ஒருவர் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் பிந்தும். இல்லையென்று சொல்வதையும் சில இடம் உடனே சொல்லும், சில இடம் எல்லா இன்டர்வியூவும் முடியட்டும் என்று வைத்திருக்கும். பெரும்பாலான இன்டர்வியூக்கள் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில். என் மகனைக் கடைசியாகக் கூப்பிட்ட இடம்தான் அவனை எடுத்தது. முதலில் கூப்பிட்ட இடம் எடுக்கவில்லை.

இன்டர்வியூ முடிந்த பிறகும் இதே கதைதான். சிலர் இரண்டு மூன்று கிழமையில் ஓஃபர் தருவார்கள். சிலர் கடைசிப் பிள்ளையைப் பார்த்து முடித்த பிறகே எல்லோருக்கும் சேர்த்துச் சொல்வார்கள், அது மார்ச் ஏப்ரல் ஆகும். மே நடுப்பகுதிக்குள் எல்லா இடமும் முடிவு சொல்லியாக வேண்டும். ஊரில் கண்ணகை அம்மன் சடங்குக்குக் கதவு திறக்கிற நாட்கள் நெருங்கும்போது உங்களுக்கும் விடை தெரிந்திருக்கும். முதல் ஓஃபர் வந்தவுடன் பதறிப் பிடித்துக்கொள்ளவும் தேவையில்லை. நாலும் சொன்ன பிறகு ஒன்றை முதலாவதாக, ஒன்றைக் காப்புக்காக வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போன் எடுக்க வேண்டாம். தாய் என்று சொன்னாலும், பிள்ளை விண்ணப்பம் போட்ட யூகாஸ் தளத்தில் உங்கள் பெயரைக் கொடுத்திராவிட்டால் ஒரு சொல்லும் சொல்லமாட்டார்கள். மண்டூர் முருகனுக்கு நேர்த்தி வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. யூகாஸ் பாஸ்வேர்டை மட்டும் மகளிடமே விட்டுவிடுங்கள். விடிய நாலு மணிக்கு நைட் ஷிப்ட் இடைவேளையில் நீங்கள் அதைத் திறந்து பார்த்தால், வருகிற செய்தியை அவளுக்கு முதல் நீங்கள் அறிவீர்கள். அது அவளுடைய செய்தி.

இன்டர்வியூ பற்றி. பெரும்பாலான இடங்களில் எம்.எம்.ஐ. என்ற முறை, கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஒரு நீண்ட நேர்முகத்துக்குப் பதில் ஆறு, எட்டு, பத்துக் குட்டி அறைகள். கதவில் ஒட்டியிருக்கிற கேள்வியை ஒன்றிரண்டு நிமிடம் வாசித்துவிட்டு உள்ளே போக வேண்டும், ஐந்தாறு நிமிடம் பேச வேண்டும், மணி அடித்தால் அடுத்த அறை. ஓர் அறையில் நடிகர் ஒருவர் கோபக்கார நோயாளியாக உட்கார்ந்திருப்பார். ஓர் அறையில் "உன் கூட்டாளி குடித்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறான், என்ன செய்வாய்" என்பார்கள். ஓர் அறையில் வரைபடத்தைக் காட்டி விளங்கப்படுத்தச் சொல்வார்கள். ஓர் அறையில் பிழை விட்டால் அடுத்த அறைக்காரருக்கு அது தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி. ஒன்லைனில் வைக்கிற இடங்களும் உண்டு. நீங்கள் இன்னொரு குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்றால், பள்ளியிடம் அல்லது நூலகத்திடம் ஓர் அறை இப்போதே கேட்டு வையுங்கள்.

மட்டக்களப்புப் பிள்ளைக்கு இதில் கஷ்டம் அறிவில் இல்லை. பெரியாக்களுக்கு முன்னால் சுருக்கமாகப் பேசி, நிலத்தைப் பார்த்து நிற்கத்தான் நாங்கள் பழக்கியிருக்கிறோம். "சீனியர் டொக்டர் பிழை விட்டால் சொல்வாயா" என்று கேட்டால் எங்கள் பிள்ளை தயங்கும். அந்தத் தயக்கத்தை மறைக்கச் சொல்லாதீர்கள். "எனக்கு இது இலேசாக வராது, ஆனாலும் நோயாளிக்கு ஆபத்தென்றால் சொல்வேன், முதலில் அவரிடமே கேட்பேன்" என்று தயங்கித் தயங்கிச் சொல்கிற பிள்ளை, பாடமாக்கி ஒப்புவிக்கிற பிள்ளையை விட நன்றாகச் செய்யும். பயிற்சிக்கு நூற்றுக்கணக்கில் காசு கேட்கிற ஆட்களிடம் போக வேண்டாம். மெடிக்கல் ஸ்கூல்ஸ் கவுன்சிலும் பல்கலைக்கழகங்களும் மாதிரிக் கேள்விகளை இலவசமாகப் போட்டிருக்கின்றன. பள்ளி ஆசிரியர் இருவர், முன்பின் தெரியாத ஒரு பெரியவர், கையில் ஒரு மணிக்கூடு போதும்.

யாரோ ஒரு மாமா, யுத்தத்தையும் சுனாமியையும் சொல்லச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி உங்கள் மகள் பிறந்திருக்கவே இல்லை. கேட்கிறவர் ஒரு கேள்வி மேலே கேட்டால் கதை நின்றுவிடும். அவளிடம் சொந்தமாகவே நல்லது இருக்கிறது: அம்மம்மா கழுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில் இருந்தபோது வார்ட்டில் கூட நின்றாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கஞ்சி கொண்டுபோனது, பக்கத்துக் கட்டில்காரரின் மருந்துத் துண்டை வாசித்துச் சொன்னது. இப்போது ஞாயிறுகளில் உங்கள் கெயார் ஹோமில் தொண்டு வேலை செய்கிறாள். அங்கே குடும்பம் செய்த வேலையை இங்கே யார் செய்கிறார்கள், அதில் நோயாளிக்கு என்ன கூடியது, என்ன குறைந்தது? இதை ஐந்து நிமிடம் பேச அவளால் முடியும், பக்கத்து அறைப் பிள்ளையால் முடியாது. பெயர்களை மட்டும் சொல்லக்கூடாது. கெயார் ஹோமில் பார்த்தவரை "ஒரு வயோதிபர்" என்றுதான் சொல்ல வேண்டும், அதையும் கவனிப்பார்கள்.

இதற்கிடையில் கெமிஸ்ட்ரி. வருகிற ஓஃபர் எல்லாம் நிபந்தனையோடுதான், வழமையாக மூன்று ஏ, ஓகஸ்ட் நடுவில் பெறுபேறு. தை மாத மாதிரிப் பரீட்சையை இன்டர்வியூப் பதட்டத்தில் விட்டுவிடும் பிள்ளைகள் நிறைய. ஊரிலிருந்து மாமியார் கேட்டால் "ஓகஸ்டில்தான் தெரியும் மாமி" என்று ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள். அது பொய்யும் இல்லை. வட்ஸ்அப் குழுவில் நாலு பல்கலைக்கழகத்தின் பெயரையும் போட்டிருந்தால், இனி ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள், அதற்கும் இதே பதில்தான்.

போர்முக்குப் பதில் வந்ததும், எந்தக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள் என்பதை எழுதுங்கள். ஓவர்சீஸ் என்று போட்டு, உங்கள் விசா நான் நினைத்தது இல்லையென்றால், முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம். என்ன ஆவணம் வைப்பது என்று அப்போது சேர்ந்து பார்ப்பம். பெப்ரவரி இன்டர்வியூவுக்கு அவள் எப்படியும் போகட்டும்.