பூட்டிக் கிடக்கும் பழைய பியர் ஆலையை மீண்டும் ஓட்ட எதிலிருந்து தொடங்குவது?

குடும்பப் பண்ணையில் இருக்கும் ஆலை என்றால், பியர் காய்ச்சும் கொப்பரையைப் பார்ப்பதற்கு முன் தரையையும் வடிகாலையும் பாருங்கள். 1000 லிட்டர் கலன் நிரம்பினால் ஒரு டன்னைத் தாண்டும். பழைய மரத்தளம் தாங்காது. ஒரு லிட்டர் பியருக்கு 4 முதல் 7 லிட்டர் தண்ணீர் வேண்டும், பெரும்பகுதி கழிவுதான்.

செப்புக் கொப்பரையின் மூட்டுகளில் காரீயப் பற்றவைப்பு இருக்கிறதா என்று சோதியுங்கள். இருந்தால், காரீயம் நஞ்சு என்பதால், கொப்பரை காட்சிப்பொருள் மட்டுமே. மரத்தொட்டி மீது ஆசை வேண்டாம். எவ்வளவு கொதிநீர் ஊற்றினாலும் மரத்துளைகளில் காட்டு ஈஸ்டும் லாக்டிக் பாக்டீரியாவும் ஒளிந்திருந்து பியரைப் புளிக்கவைத்துவிடும். நொதிக்க எஃகுத் தொட்டி போடுங்கள். பழமை கட்டடத்தோடு நிற்கட்டும்.

நொதிக்கும்போது வரும் கரியமில வாயு நிலவறையில் தரையோடு தேங்கும், வாயு அலாரம் இல்லாமல் இறங்காதீர்கள். அந்த வாயு நிறைந்த மூடிய தொட்டிக்குள் கழுவுவதற்காகக் காஸ்டிக் சோடா கரைசலைத் தெளித்தால், அது வாயுவை உறிஞ்சி வெற்றிடமாக்கும். தொட்டி தகர டப்பா மாதிரி நசுங்கிவிடும்.