அப்பீலில் புது டாக்டரைக் கொண்டுவரலாமா? பெங்களூரு வாசகர்களின் கேள்விகள்

விபத்தில் கணவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. தீர்ப்பாயம் இழப்பீடு கொடுத்த பிறகு உள்ளே வைத்த பிளேட் உடைந்து, மறுபடி ஆபரேஷன். ஹைகோர்ட் அப்பீலில் புது டாக்டர் சர்டிபிகேட் கொடுக்கலாமா? – வாசகி, அல்சூர்

கொடுக்கலாம் அம்மா. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 41 விதி 27-இன் கீழ் மனு போட வேண்டும். கீழ்க்கோர்ட் தப்பாக மறுத்த சாட்சியம், தக்க முயற்சி எடுத்தும் அன்று கொண்டுவர முடியாத சாட்சியம், தீர்ப்பெழுத மேல்கோர்ட்டுக்கே தேவைப்படும் சாட்சியம் ஆகியவற்றுக்கு இதில் இடமுண்டு. உங்களுடையது இரண்டாவது வகை. 1976 திருத்தத்தில் சேர்ந்தது. தீர்ப்புக்குப் பிறகு நடந்த ஆபரேஷனை முன்பே எப்படிக் காட்டியிருக்க முடியும்?

மனுவில் தேதிகள்தான் பேசும். தீர்ப்பு வந்த நாள், வலி திரும்பிய நாள், எக்ஸ்ரே எடுத்த நாள், அட்மிட் ஆன நாள் என்று வரிசையாக எழுதுங்கள். "முன்பு தெரியாது" என்று ஒரே வரியில் முடிக்கும் பிரமாணப் பத்திரங்களை அடிக்கடி பார்க்கிறேன், அவை நிற்பதில்லை.

சர்டிபிகேட்டை மட்டும் நம்பாதீர்கள். ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, சிகிச்சை தந்த டாக்டரோ, பரிசோதித்து ஊனத்தை மதிப்பிட்ட டாக்டரோ குறுக்கு விசாரணைக்கு வர வேண்டும். காலில் 40 சதவீத ஊனம் என்றால் சம்பாத்தியத்தில் 40 சதவீதம் போனதாக ஆகாது என்பதும் அதே தீர்ப்புதான். ஆகவே முழு உடம்புக்கு எத்தனை சதவீதம், செய்துவந்த வேலையை இனி செய்ய முடியுமா என்று டாக்டரிடம் தனித்தனியே எழுதி வாங்குங்கள்.

தவறான சிகிச்சை என்று போட்ட வழக்கில் தோற்றோம். குறுக்கு விசாரணையில் எங்கள் டாக்டர் தடுமாறிவிட்டார். சென்னையில் ஒரு பெரிய நிபுணர் எங்களுக்குச் சாதகமாகச் சொல்கிறார். – வாசகர், ஸ்ரீராம்புரம்

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அனுமதி கிடைப்பது கடினம். அதே கேஸ் ஷீட்டை வைத்து வேறொருவர் சொல்லும் கருத்து புதிய சாட்சியம் ஆகாது. வழக்கில் விட்ட ஓட்டையை அடைக்க விதி 27 இல்லை என்று இப்ராஹிம் உதீன் வழக்கில் (2012) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏற்கெனவே பதிவான சாட்சியத்தை வைத்து வாதாடுங்கள். எல்லா மருத்துவக் கவனக்குறைவு வழக்கிலும் நிபுணர் தேவையில்லை என்ற கிஷன் ராவ் தீர்ப்பு (2010) நுகர்வோர் வழக்கில் வந்தது. ஆனாலும் கவனக்குறைவு ஆவணத்திலேயே பளிச்சென்று தெரிந்தால் உங்கள் வக்கீல் அதை எடுத்துக்காட்டலாம்.

ஹைகோர்ட் வழக்கை மேயோ ஹால் சிவில் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டது. இப்போது டாக்டரை விசாரிக்கலாமா? – வாசகர், விவேக் நகர்

திருப்பி அனுப்பிய உத்தரவின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். ஒரு குறிப்பிட்ட பிரச்சினைக்கு மட்டும் என்றிருந்தால் அதற்கு வெளியே போக முடியாது. இரு தரப்பும் கூடுதல் சாட்சியம் தரலாம் என்றிருந்தால் தாராளமாக டாக்டரை அழையுங்கள். எதிர்த்தரப்பும் தன் டாக்டரோடு வரும். பழைய சாட்சியம் அழிந்துபோகாது, அதுவும் சேர்த்தே எடைபோடப்படும். காரணமும் ஆதாரத் தரவும் இல்லாத நிபுணர் கருத்துக்கு மதிப்பில்லை என்பது ரீஜென்சி மருத்துவமனை வழக்கு (2009). 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் நிபுணர் கருத்து பிரிவு 39. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்கு என்றால் பழைய சட்டத்தின் பிரிவு 45-தான் பொருந்தும்.

ஆஸ்பத்திரி பழைய கேஸ் ஷீட் இல்லை என்கிறது. – வாசகி, கே.ஆர்.புரம்

உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. இன்றே எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். நாளை அப்பீலில் 'முயற்சி எடுத்தேன்' என்று காட்ட அந்தக் காகிதம் வேண்டும்.