தர்மபுரி பக்கம் 3 ஏக்கரில் குடும்பப் பூங்கா தொடங்க நினைக்கிறேன். டைனோசர், குகை, ராட்டினம் எல்லாம் செய்ய பெங்களூரில் இருந்துதான் ஆள் கொண்டுவர வேண்டுமா?

"பெங்களூரில் இருந்துதான்" என்ற இரண்டு சொல் கண்ணில் படாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுப் போயிருப்பேன்.

நான் கிருஷ்ணகிரிக்காரன். பதினாறு வருடமாக ஃபைபரில் உருவம் செய்கிறேன். பெங்களூர்ப் பக்கம் ரிசார்ட்டுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் நிற்கிற யானை, காளான், டைனோசர்களில் சில எங்கள் கொட்டகையில் பிறந்தவை. இடைத்தரகர் கைக்குப் போனதும் பில்லில் ஊர் மாறிவிடும், விலையும் மாறிவிடும். நீங்கள் அதையே டோல்கேட் காசு கட்டித் திரும்ப இங்கே கொண்டுவரப் போகிறீர்கள். விளம்பரம் செய்கிறான் என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: என் பெயரோ எண்ணோ இங்கே தரப்போவதில்லை.

நெடுஞ்சாலையை ஒட்டி நிலம் இருக்கும், மாந்தோப்பில் முன்போல வருமானம் இல்லை, பிள்ளைகளோடு பெங்களூர்ப் பக்கம் பிடதியில் இருக்கிற வொண்டர்லா பூங்காவுக்குப் போய்விட்டு வந்தபோது இந்த யோசனை வந்திருக்கும். சரிதானே? அந்த மாதிரியே வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்களுக்கு ராட்டினம் செய்யக் கொச்சியில் சொந்தப் பட்டறையே இருக்கிறது.

என் முதல் பெரிய வேலை 22 அடி நீள டைனோசர். தலையைத் தெர்மாகோலில் செதுக்கினேன். ஒவ்வொரு செதிலாகப் பிளேடால் கீறி மூன்று நாள் ஆனது. கூட இருந்த பையன் அதன்மேல் கிளாஸ் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) விரித்து ரெசின் (காய்ந்தால் இறுகும் பிசின்) அடித்தான். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மூக்கு உள்ளே போய்விட்டது. கண் இருந்த இடத்தில் குழி. தொட்டால் பலாப்பழப் பிசின் மாதிரி விரலோடு இழுத்தது. பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது, அது தெர்மாகோலைக் கரைத்துவிடும். எப்பாக்சி ரெசின் என்றால் கரைக்காது, இல்லாவிட்டால் முதலில் பிளாஸ்டர் பூசி நன்றாக மூடிவிட வேண்டும். அன்றைக்குப் பையனைத்தான் திட்டினேன். உண்மையில் எனக்கே அது தெரியாது. (வீடியோ பார்த்துத் தானே செய்யக் கிளம்புகிறவர்களுக்கு: ரெசினை இறுக வைக்கச் சேர்க்கிற கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேராக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். தீப்பிடித்துவிடும்.)

அப்புறம் களிமண்ணில் தலையைச் செய்து அச்சு எடுத்தேன். பூங்கா திறந்தது பொங்கல் விடுமுறையில். வால் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வளைந்து நிற்கும். காணும் பொங்கல் அன்று ஒரு குடும்பம், பாட்டியோடு சேர்த்து ஏழு பேர், அதன்மேல் வரிசையாக உட்கார்ந்து போட்டோ எடுத்தார்கள். "ஏறக்கூடாது" என்ற பலகையில் அந்த வீட்டுப் பெரியவர் துண்டைக் காயப் போட்டிருந்தார். மூன்று மணிக்கு வால் விட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. உள்ளே நான் போட்டிருந்தது முக்கால் இன்ச் பைப். அந்த முதலாளி கடைசித் தவணையைப் பிடித்துக்கொண்டார், இன்றுவரை தரவில்லை. வால் ஒடிந்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாலில்லாத டைனோசரை வைத்து இன்னும் டிக்கெட் கிழித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அதிலிருந்து எந்த உருவம் செய்தாலும் முதலில் எங்கே உட்காருவார்கள் என்றுதான் பார்க்கிறேன். முதுகு, வால், யானையின் முட்டி, காளானின் குடை, எல்லாம் நம் மக்களுக்கு நாற்காலிதான். உங்களுக்குச் செய்கிறவரிடம் உள்ளே என்ன பைப், தரைக்குக் கீழே எத்தனை அடி கான்கிரீட் என்று கேளுங்கள். பெயின்ட்டைப் பற்றி அப்புறம் பேசலாம். ஏணி, கம்பித் தடுப்பு, குகை ஜன்னல் இவற்றில் 9 செ.மீ.க்கு மேல் 23 செ.மீ.க்குள் இடைவெளி இருக்கவே கூடாது. சின்னப் பிள்ளையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். சறுக்குமரத்தை மேற்குப் பார்த்து வைக்காதீர்கள். ஏப்ரல் மாத மாலை வெயிலில் கருநீல ஃபைபரில் ஒருமுறை உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், புரியும்.

ராட்டினம் என் வேலை இல்லை. அதற்கு மேலே மாட்டுகிற வாத்து, படகு, பூ வரைக்கும்தான் நான். கப்பல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிற ராட்டினத்தைக் காட்டி, உள்ளூர் வெல்டிங் பட்டறையில் "கொலம்பஸ் தானே அண்ணா, பார்த்தே செய்துவிடலாம்" என்பார்கள். வேண்டாம். ஆடுகிற இரும்பில் வெல்டிங் எங்கே விரிசல் விடும் என்பது பார்த்துச் செய்கிறவருக்குத் தெரியாது. ராட்டினங்களுக்கென்றே ஐஎஸ் 15475 என்று இந்தியத் தரம் இருக்கிறது. அதன்படி செய்து, பாரக் கணக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறவரிடம் மட்டும் வாங்குங்கள். தினமும் காலையில் ஆளில்லாமல் ஒரு சுற்று விட்டு, போல்ட் பார்த்து, நோட்டில் எழுத ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். டைனோசரில் மிச்சம் பிடித்தாவது அவருக்குக் கொடுங்கள்.

தண்ணீர் விளையாட்டு என்றால் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்த பிறகு முடிவெடுங்கள். நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்றுதானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பிள்ளைகள் விளையாடும்போது வாயில் தண்ணீர் போகத்தான் செய்யும். உப்புத் தண்ணீராக இருந்தால் சறுக்குமரம் முழுக்க வெள்ளைப் படலம் கட்டி, பம்ப்பும் அடைத்துக்கொள்ளும்.

எல்லோரும் ஏன் டைனோசரே கேட்கிறீர்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. அதியமான் ஆண்ட ஊர். அவன் முன்னோர்தான் கரும்பை இங்கே கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் பாடியிருக்கிறார். தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. மாடு பிடிக்க வந்த கூட்டம், மீட்கப் போன வீரன், இதை ஒரு குட்டி ரயில் குகைக்குள் வைத்தால் பிள்ளைகள் அலறமாட்டார்களா? ஒருவரிடம் படம் வரைந்தே காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு, வாயைத் திறந்து மூடுற மாதிரி டைனோசர் ஒண்ணு போட்டுடுங்க" என்றார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, மனசு கேட்கவில்லை. என் தாத்தா பாரதக் கூத்து முடிகிற நாளில் படுகளத்துத் துரியோதனனை, அதாவது போரில் விழுந்து கிடக்கிற துரியோதனனை, மண்ணில் செய்கிறவர். ஆள் படுத்த மாதிரி, ஒரு வீட்டு நீளம். களிமண்ணைக் கையாளக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். போன வருடம் எங்கள் ஊர் இளைஞர்கள் வந்து, ஃபைபரில் செய்து கொடுத்துவிடு, வருடா வருடம் கழுவி வைத்துக்கொள்ளலாம், செலவு மிச்சம் என்றார்கள். படுகளம் முடிந்ததும் பெண்கள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய்த் தானியக் குதிரில் போடுவார்கள். ஃபைபரில் எதைக் கிள்ளிக்கொண்டு போவது? மாட்டேன் என்றேன். காசுக்குப் பிகு பண்ணுகிறான் என்று பேசிக்கொள்கிறார்கள்.

கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் நாலு கொட்டகை ஏறி இறங்கினால் உங்களுக்கு ஆள் கிடைத்துவிடும். அதில் ஒன்று என்னுடையதாக இருந்தால், சித்திரை, வைகாசியில் மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். மண் பிசையப் போயிருப்பேன்.