ஓவர்கிளாக்கிங் (பிராசஸரையும் ரேமையும் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது): வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் ஐ5 கம்ப்யூட்டர் இருக்கிறது. மிகவும் மெதுவாக ஓடுகிறது. ஓவர்கிளாக் செய்யலாமா? (நெல்லிக்குப்பம் வாசகர்)

எந்த ஐ5? எந்த மதர்போர்டு? 2009 முதல் ஐ5 என்ற பெயரில் எத்தனையோ தலைமுறைகள் வந்துவிட்டன. பிராசஸரின் முழு எண், மதர்போர்டின் பெயர், ரேம் விவரம் ஆகிய மூன்றும் இல்லாத கடிதத்துக்கு ஒருவரும் பதில் சொல்ல முடியாது. சிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் மூன்றும் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். விண்டோஸ் இன்னும் ஹார்டு டிஸ்க்கில்தான் ஓடுகிறது என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். முதலில் ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள்.

கேள்வி: ஐ5 3470, எச்61 மதர்போர்டு. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) மல்டிபிளையரை 42 ஆக்க முடியவில்லையே? (வில்லியனூர் வாசகர்)

முடியாது. பேஸ் கிளாக்கை (அடிப்படைத் துடிப்பு, மெகாஹெர்ட்ஸில்) மல்டிபிளையரால் பெருக்கினால் வருவதே பிராசஸரின் வேகம். எண்ணில் ‘கே’ உள்ளவற்றில்தான் மல்டிபிளையரை இஷ்டம்போல் ஏற்றலாம்; உங்களுடையதில் ‘கே’ இல்லை. எச்61 சிப்செட்டும் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) அதற்கு இடம் கொடுக்காது. பேஸ் கிளாக்கை 100-லிருந்து 103 வரை ஏற்றிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதே கிளாக்கை நம்பித்தான் டிஸ்க் இணைப்பான சாட்டாவும் கார்டு இணைப்பான பிசிஐ எக்ஸ்பிரஸும் இருக்கின்றன. மூன்று சதவீத வேகத்துக்காக டிஸ்க்கில் இருக்கும் கோப்புகளைப் பணயம் வைக்காதீர்கள்.

கேள்வி: கியூ6600, பி35 போர்டு, டிடிஆர்2 800 ரேம். 3 கிகாஹெர்ட்ஸ் எட்டுமா? (மஞ்சக்குப்பம் வாசகர்)

தாராளமாக எட்டும். 2007-இல் வந்த பிராசஸர்களில் இதற்கென்றே பிறந்தது போன்றது அது. எஃப்எஸ்பி (பிராசஸரை போர்டோடு இணைக்கும் பாதையின் கிளாக்) 266, 9 மடங்கு, ஆக 2.4 கிகாஹெர்ட்ஸ். எஃப்எஸ்பியை 333 ஆக்கினால் 3 வந்துவிடும். பி35 சிப்செட் 1333 எஃப்எஸ்பிக்கென்றே (333-ஐ நான்கு மடங்காக்கிச் சொல்லும் எண்தான் இது) வடிவமைக்கப்பட்டது என்பதால் போர்டுக்கும் சுமை இல்லை. எஃப்எஸ்பி ஏறும்போது ரேமும் கூடவே ஏறும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ரேம் விகிதத்தைக் குறைத்து 800-க்குள் நிறுத்துங்கள், டைமிங் (ரேம் தன் வேலைகளுக்கு எடுக்கும் கிளாக் எண்ணிக்கைகள்) 5-5-5-15 இருக்கட்டும், பிசிஐ எக்ஸ்பிரஸை 100-இல் பூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள்.

கேள்வி: ஐ5 2500கே, இசட்77 போர்டு, ஜிடிஎக்ஸ் 960 கார்டு. 1.38 வோல்ட்டில் 4.4 கிகாஹெர்ட்ஸ் வைத்திருக்கிறேன். விளையாட்டு தொடங்கிய சில நிமிடங்களில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. நீல நிறத் திரை வருவதில்லை. பிராசஸர் போய்விட்டதா? எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஸ்டிக்கரின் படத்தை இணைத்துள்ளேன். (லாஸ்பேட்டை வாசகர்)

பிராசஸர் போகவில்லை. குற்றவாளி நீங்கள் அனுப்பிய படத்திலேயே இருக்கிறது.

ஸ்டிக்கரில் ‘450 வாட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கீழே உள்ள சிறிய கட்டத்தைப் படித்தீர்களா? 12 வோல்ட் வரிசையில் 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட். மீதி வாட்டெல்லாம் 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் காட்டிய கணக்கு. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டைத்தான் உண்கின்றன. மின்செலவு வேகத்தோடு நேராக ஏறும், வோல்ட்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். இந்த பிராசஸர் இயல்பில் 95 வாட் வகை. உங்கள் அமைப்பில் முழுச் சுமையில் 140, 150-ஐத் தொடும். கார்டுக்கு 120. ஆக 270 வாட் கேட்கிற இடத்தில் 168 கொடுப்பதாக ஒப்புக்கொண்ட பெட்டியை வைத்திருக்கிறீர்கள். அந்த 168-ஐயாவது ஒழுங்காகக் கொடுக்குமா என்பதும் சந்தேகமே.

இதை எத்தனை முறை எழுதினாலும் கடிதங்கள் குறையவில்லை. பிராசஸருக்கும் கார்டுக்கும் பல்லாயிரம் செலவழிப்பவர்கள், எஸ்எம்பிஎஸ் மட்டும் கேபினட்டோடு இலவசமாக வந்ததே போதும் என்கிறார்கள். அந்த இலவசம்தான் போர்டையும் டிஸ்க்கையும் கூடவே அழைத்துக்கொண்டு போகிறது. கடையில் வாட்டைக் கேட்காதீர்கள், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். கடைக்காரருக்கே தெரியவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். உங்களுக்கு 30 ஆம்பியருக்குக் குறையாமல், 80 பிளஸ் (மின்திறன் சான்று) முத்திரையோடு வேண்டும். சுமையின்போது 12 வோல்ட் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. பழைய பெட்டியை வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கோடையில் தெருவெல்லாம் ஏசி ஓடி மின்னழுத்தம் தாழும்போது மட்டமான எஸ்எம்பிஎஸ்தான் முதலில் கைவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரை மாட்டியிருந்தால், இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள சுவிட்ச் யுபிஎஸ் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கில் எர்த் வருகிறதா என்பதையும் எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சோதியுங்கள். புதிய எஸ்எம்பிஎஸ் வரும்வரை பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், கேமும் வேண்டாம். அது வந்த பிறகு 4.2 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட்டில் தொடங்கலாம்.

கேள்வி: 1333 ரேமில் சிஎல்9 என்றும் 1600 ரேமில் சிஎல்11 என்றும் இருக்கிறது. 11 மெதுவானதுதானே? (கடலூர் முதுநகர் வாசகர்)

சிஎல் என்பது கேட்ட தரவைக் கொடுக்க ரேம் எடுக்கும் கிளாக் எண்ணிக்கை, நேரம் அல்ல. சிஎல்லை 2000-ஆல் பெருக்கி ரேம் வேகத்தால் வகுத்தால் நானோ நொடி கிடைக்கும். முதலாவது 13.5, இரண்டாவது 13.75; ஏறக்குறைய ஒன்றுதான். 1600-இல் தரவு அதிகம் பாயும் என்பதால் அதையே எடுங்கள். 1600 சிஎல்9 கிடைத்தால் 11.25 நானோ நொடி. அதுதான் உண்மையான லாபம். இரண்டு ஸ்டிக்குகளாக வாங்கி டூயல் சேனலில் (இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் தரவு பாயும் முறை) போடுங்கள்.

கேள்வி: ரேம் டைமிங்கை 9-9-9-24-லிருந்து 8-8-8-22 ஆக்கினேன். ஒரு மணி நேரம் கேம் ஓடியது. ஆனால் சில ஜிப் கோப்புகள் திறக்க மறுக்கின்றன. (அரியாங்குப்பம் வாசகர்)

உடனே 9-க்குத் திரும்புங்கள். கேம் ஓடியது சோதனை ஆகாது. தவறான ரேம் டைமிங் சத்தமில்லாமல் கெடுக்கும்: நினைவகத்தில் ஒரு பிட் மாறும், அது அப்படியே டிஸ்க்கில் எழுதப்படும், பல மாதங்கள் கழித்துக் கல்யாண ஆல்பத்தைத் திறக்கும்போதுதான் தெரியும். அந்த நாட்களில் சேமித்த கோப்புகளையெல்லாம் சரிபாருங்கள். இனி டைமிங்கைத் தொட்டால் யுஎஸ்பியிலிருந்து மெம்டெஸ்ட்86+ நிரலை இரவு முழுவதும் ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த டைமிங் தோல்விதான். பேக்கப் எடுக்காமல் பயாஸுக்குள் நுழையாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: மார்கழியில் 72 டிகிரியில் நின்ற பிராசஸர் இப்போது 85-க்குப் போகிறது. எதையும் மாற்றவில்லை. வீடு கடற்கரையை ஒட்டியது. (தேவனாம்பட்டினம் வாசகர்)

அறையின் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் பிராசஸரும் பத்து டிகிரி ஏறும். ஓவர்கிளாக்கை அக்னி நட்சத்திரத்தில் சோதியுங்கள், மார்கழியில் அல்ல. உங்கள் பகுதியில் இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்றின் ஈரம் தூசியைப் பிசுபிசுப்பாக்கி ஹீட்சிங்க் இடுக்கில் அப்பிவிடும், ஊதினாலும் போகாது. கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போடுங்கள். ரேமின் தங்க முனைகளில் கறை இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும். அழிரப்பரை வைத்துத் தேய்த்துத் தேய்த்து முலாமைப் போக்கிவிடாதீர்கள்.

கேள்வி: வோல்ட்டேஜ் மாற்றியதிலிருந்து திரையே வரவில்லை! (முத்தியால்பேட்டை வாசகர்)

பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டிலுள்ள வட்ட பேட்டரியைக் கழற்றி, பத்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். பயாஸ் டீஃபால்ட்டுக்குத் திரும்பிவிடும்.